வாரத்துக்கு விட்ட ஆடு

ஜன்னலைத் திறந்தே வெச்சுக்குங்க்கா. என் மேல ஆட்டு வாடை அடிக்கும். குளிக்காத பொண்ணுன்னு நெனச்சுராதீங்க, காலையில ஆட்டுச் சந்தைக்குப் போய்ட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். திருப்பூர் வரைக்கும் இந்த வாடையோடதான் வரோணும். வேற சீட்டும் காலியில்லை.

நீங்களும் திருப்பூருங்களா? மக ஊட்டுக்கா? சரி சரி. நான் அங்க ஒரு பனியன் கம்பெனியில செக்கிங். தெச்சு வர்ற பீஸைத் திருப்பித் திருப்பிப் பாத்து ஓட்டை, நூலு, கறை எல்லாம் கண்டுபுடிக்கறது. என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை வெளிய போகாதுங்க்கா. சூப்பர்வைசரே சொல்லுவாங்க, சங்கவி கையில போனா பயமில்லைன்னு. சங்கவிங்கறது நாந்தான்.

ப்ளஸ் டூ முடிச்சு மூணு வருசம் ஆச்சு. காமர்ஸ் குரூப். அக்கவுண்டன்சியில எங்க பள்ளிக்கூடத்துலயே நாந்தான் மொதல். டீச்சரு பி.காம் சேருன்னாங்க. அம்மா டீச்சருக்குப் படின்னாங்க. அப்பா எப்பவும் போல "உன்ற இஷ்டம் கண்ணு"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டாரு. எனக்குன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. மூணு வருசம் படிச்சுட்டு வந்து அதே பனியன் கம்பெனியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றதுக்கு, இப்பவே போய்த் தொழிலைப் பாத்துக்கலாமில்லீங்களா? போனேன். போய்ப் பாத்தாத்தான் தெரியுது, அங்க நாள் பூரா நிக்கோணும். உக்காந்திருக்கறது ஒரே ஒருத்தரு. பேட்டர்ன் மாஸ்டர்.

அவரு என்ன பண்ணுவாருன்னா, துணிய வெட்டறதுக்கு முன்னாடி அட்டையில அளவு போட்டு வெட்டிக் குடுப்பாரு. கழுத்து இவ்வளவு, கை இவ்வளவுன்னு. அவரு அட்டை வரலைன்னா மொத்தக் கம்பெனியும் கையக் கட்டிட்டு நிக்கும். மொதலாளியே அவருக்கு டீ சொல்லுவாரு. சேர்ல உக்காந்துட்டு, காதுல பென்சிலை வெச்சுட்டு, அந்த டீயை ஆற வெச்சுக் குடிப்பாரு பாருங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அந்தச் சேர்ல நான் ஒரு நாள் உக்காரோணும். அதுக்குன்னு ஒரு வருசப் படிப்பு இருக்குது, வேலை முடிஞ்சு சாயங்காலம் போய்ப் படிக்கலாம். பீஸுதான் கொஞ்சம் எச்சு. நாளைக்குக் கடைசி நாள். நாளைக்குக் கட்டலைன்னா இந்த வருசம் சீட்டு போச்சு. அடுத்த வருசம் ஊட்ல என்ன சொல்லுவாங்களோ, ஆரு கண்டா?

சேத்து வெக்கற வெசயத்துல நான் கெட்டிக்காரிங்க்கா. நானே சொல்லிக்கக் கூடாது, ஆனா வேற ஆரும் சொல்ல மாட்டீங்கறாங்க. என்ற ரூமுல விமலான்னு ஒருத்தி, மாசாமாசம் போஸ்ட் ஆபீசுல ஆர்.டி. கட்டறா. பயந்த புள்ளை. ஷாலினின்னு இன்னொருத்தி, மொதச் சம்பளத்துலயே தவணையில போன் வாங்கினா. போன் கீழ விழுந்து செத்தே போச்சு, தவணை மட்டும் இன்னும் உசுரோட இருக்குது. நான் ரெண்டு பேரு மாதிரியும் இல்லை. நான் வெள்ளாட்டுல போட்டேன்.

சிரிக்காதீங்க்கா. வெள்ளாடு ஈத்துக்கு ரெண்டு குட்டி போடும். எந்தப் பேங்க் போடும்? ஆனா திருப்பூர்ல லைன் வீட்டு ரூமுல ஆடு வளக்க முடியாதில்லீங்களா. அதனால வாரத்துக்கு விட்டேன். வாரம்னா தெரியுமில்ல? ஆடு நம்மது, மேய்ச்சுப் பாத்துக்கறது அவங்க. தாயாடு எப்பவும் நமக்கே. போடற குட்டியில பாதி நமக்கு, பாதி அவங்களுக்கு. உங்க பக்கத்துல வேற பேரு சொல்லுவாங்களாட்ட இருக்குது.

எங்க ஊட்ல மேய்ச்சக் காடு கிடையாது. அத்தை ஊட்ல இருக்குது. கொறங்காடு, சுத்தியும் முள்ளு வேலி, உள்ள பூரா கொழுக்கட்டைப் புல்லு. அத்தைன்னா எங்கப்பாகூடப் பொறந்தவங்க, சம்பூரணத்தத்தை. மாமா தவறிட்டாரு. ஒரே பையன், லோகு. காத்தாடிக் கம்பெனியில வேலை, கரண்டு எடுக்கற காத்தாடி, அந்த ஒசரத்துல ஏறி ரிப்பேர் பாக்கறான். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கயித்தைச் சரியாக் கட்டுன்னு. கேட்டாத்தான? அவன் இவன்னு பேசறேன்னு நெனைக்காதீங்க, கூடவே வளந்தவன். சரி, அவனைப் பத்தி எதுக்கு? ஆட்டைப் பத்திச் சொல்றேன்.

மொதல் தீபாவளி போனஸ்ல ரெண்டு ஆடு வாங்கி, டெம்போவுல ஏத்திட்டுப் போய் அத்தை ஊட்டு வாசல்ல எறக்கினேன். "அத்தை, இதுக இங்கயே இருக்கட்டும், குட்டி போட்டா அப்பறம் பேசிக்கலாம்"ன்னேன். வாரம்ங்கற வார்த்தைய வாயத் தொறந்து சொன்னியா இல்லையான்னு இப்ப எல்லாரும் என்னயக் கேக்கறாங்க. சொல்லாட்டி என்னங்க்கா? ஆட்டைக் கொண்டுபோய் இன்னொருத்தர் பட்டியில விட்டா வாரந்தானே? வேற என்ன?

அத்தை என்னயவே பாத்துட்டு நின்னாங்க. அப்பறம் விடுவிடுன்னு உள்ள போய் ஆரத்தி கரைச்சுட்டு வந்துட்டாங்க. புது ஆடு வந்தா சுத்துவாங்க போலிருக்குதுன்னு நெனச்சேன். பொட்டை மட்டும் என்ற நெத்தியில வெச்சாங்க. ஆடு தலையக் காட்டியிருக்காது. பக்கத்து ஊட்டம்மா வேலிக்கு அக்கட்ட நின்னு, "அண்ணன் மக கையோட கொண்டாந்துட்டா பாரு"ன்னாங்க. ஆமா, டெம்போ வாடகை நாந்தானே குடுத்தேன்.

அதுல இருந்து நல்லாத்தான் போச்சுங்க. ரெண்டும் ரெண்டு ரெண்டு போட்டுச்சு. அதுகளும் வளந்து போட்டுச்சு. பாதிக் குட்டிய எடுத்துக்கங்கன்னு நான் போன்ல சொல்லுவேன். "எதுக்கு கண்ணு பிரிக்கோணும், எல்லாம் உன்ற பேருலயே வளரட்டும்"னு சொல்லிருவாங்க அத்தை. ஒரு தடவையில்ல, ஒவ்வொரு ஈத்துக்கும். எனக்கே பாவமா இருக்கும். இவ்வளவு வயசாச்சு, கணக்கு வழக்கே தெரியலையேன்னு. விமலாகிட்டப் பெருமையாச் சொன்னேன், "உன்ற ஆர்.டி.யில இப்படி நடக்குமா? எங்கத்தை அவங்க பங்கைக்கூட எடுக்க மாட்டீங்கறாங்க"ன்னு. அவ நூலை வெட்டிட்டே, "உங்கத்தை பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா"ன்னு கேக்கறா. ஆட்டைப் பத்திப் பேசிட்டிருக்கறப்ப கேக்கற கேள்வியா அது? அந்தப் புள்ளைக்கு மொதல்ல இருந்தே எதையும் கோர்வையாப் பேச வராது.

லோகு தினம் சாயங்காலம் ஆட்டை போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்புவான். அது நாஞ்சொல்லித்தான். மொதலு போட்டவளுக்கு நெலவரம் தெரியோணுமில்லீங்களா? ஆனா அவனுக்குப் போட்டோவே புடிக்கத் தெரியாது. ஆடு பாதி, அவன் மூஞ்சி பாதி விழும். ரெண்டு வருசமா இதே கதை. நானும் அழிக்காம வெச்சிருக்கேன், கணக்குக்கு வேணும்னு. ஒவ்வொண்ணுக்கும் பேரு வேற வெச்சிருக்கான். ஒரு குட்டி பொழுதுக்கும் கத்திட்டே இருக்கும், அதுக்கு ஓவர்டைம்னு பேரு. என்னய நக்கலடிக்கறதுக்குன்னே வெச்சது. நான் பதில் போடாம விட்டா, "ஓவர்டைம் புல்லு திங்கல"ன்னு ஒரு மெசேஜ் வரும். பயந்து போய் போன் பண்ணுவேன். பேசிட்டு வெக்கறப்பப் பாத்தா ரூமுல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க.

போன பொங்கலுக்குப் போனப்ப அத்தை என்ற ஜாக்கெட் ஒண்ணை அளவுக்கு வேணும்னு வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அவங்களுக்குத் தெச்சுக்க இருக்கும்னு குடுத்துட்டு வந்தேன். அத்தை என்னய மாதிரி ரெண்டு ஆளு கனம்ங்க்கா. இதையெல்லாம் நான் யோசிச்சுப் பாக்கலை. துணியில ஊசி ஓட்டையக் கண்டுபுடிக்கறவ நான், ஆனா ஊட்டு மனுசங்களை ஆரு அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க?

படிப்புக்கு நாள் நெருங்குச்சு. அத்தைக்குப் போன் போட்டு, "அத்தை, ஆட்டுக் கணக்கை முடிச்சுக்கலாம், சந்தைக்கு முந்தின நாள் வர்றேன்"னேன். அத்தை குரலே மாறிப் போச்சு. "வா கண்ணு, நானே கூப்புடோணும்னு இருந்தேன். அண்ணனையும் மதினியையும் வரச் சொல்லிர்றேன், ஒரேயடியாப் பேசி முடிச்சரலாம்"ன்னாங்க. பரவால்லையே, அத்தைகூட விவரமாயிட்டாங்க, சாட்சி வெச்சுப் பேசறாங்கன்னு நெனச்சேன்.

நேத்து சாயங்காலம் போய் எறங்கினா வாசல் தெளிச்சுக் கோலம். எங்கப்பா வெள்ளை வேட்டி கட்டிட்டுச் சேர்ல உக்காந்திருக்காரு. அம்மா காதுல கம்மல் புதுசு. ஒறம்பரை, சொந்தக்காரங்க ஒரு இருபது பேரு, உள்ள கேசரி வாசம். நடுவுல ஒரு தட்டு, வெத்தலை பாக்கு, பூவு, ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் சக்கரை. எங்க பக்கத்துல உப்புச் சக்கரை மாத்திக்கிட்டா நிச்சயம் பண்ணின மாதிரி. எனக்கும் தெரியாம இல்லைங்க்கா. ஆனா நேத்துப் புத்தி பூரா ஆட்டு மேல. ஆடு நக்கறதுக்கு உப்பு வெப்பாங்கல்ல, அதுக்குத்தான் எடுத்து வெச்சிருக்காங்கன்னு, தட்டை நவுத்தி வெச்சுட்டு, "ஆடு எல்லாம் பட்டிக்கு வந்துருச்சுங்களா அத்தை"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. "பொண்ணுக்கு வெக்கம், பேச்சை மாத்துது"ன்னு ஒரு பெரியவரு சொன்னாரு. இன்னொருத்தங்க, "சீர் ஆட்டை ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே கொண்டாந்து விட்ட பொண்ணாச்சே"ன்னாங்க.

சீராம்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் நின்ன எடத்துலயே நின்னுட்டு, "அது சீர் ஆடு இல்லை, வாரத்துக்கு விட்ட ஆடு, நாளைக்குச் சந்தையில வித்து நான் பீஸ் கட்டோணும்"னு கத்திட்டேன். அப்பா எந்திரிச்சு நின்னாரு, மறுபடியும் உக்காந்தாரு. அவருக்கு அதுதான் தெரியும்.

அத்தை கையில பூவு இருந்துச்சு. அதைத் தட்டுல வெச்சுட்டு, மெதுவாத்தான் கேட்டாங்க. "வாரத்துக்கா கண்ணு? கூலிக்கு மேய்க்கறவங்ககிட்டத்தான் வாரத்துக்கு விடுவாங்க. என்னய அப்படியா நெனச்சுட்டே இத்தனை நாளும்?" அப்படின்னாங்க. கூடப் பொறந்தவன் மக ஆட்டோட வந்து வாசல்ல நின்னதும் அவங்க என்னமோ நெனச்சிருக்காங்க, நான் என்னமோ நெனச்சிருக்கேன். வெயில்ல காத்துல ரெண்டு வருசம் அதுக பின்னாடியே நடந்திருக்காங்க. முட்டி வலியோட. அதை நெனச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி ஆகுது.

ஆனா அத்தைகூடப் பரவால்லைங்க்கா. அந்த லோகு பண்ணினதைத்தான் என்னால தாங்க முடியலை. அதுவரைக்கும் செவுத்துல சாஞ்சு நின்னுட்டிருந்தவன், முன்னாடி வந்து, "வாரம் எப்படிப் பேசினே"ன்னு என்னயக் கேட்டான். நான் விடுவனா? தாயாடு என்னது, குட்டியில பாதி மேய்க்கறவங்களுக்குன்னு சொன்னேன். "அப்பச் சரி. சொன்னா சொன்னதுதான். வா, பிரிச்சரலாம்"னு பட்டிக்குள்ள போய்ட்டான். உப்புச் சக்கரை மாத்த வந்த அத்தனை ஒறம்பரையும் கேசரித் தட்டோட பட்டியச் சுத்தி நின்னு வேடிக்கை பாக்குது. அவன் ஒவ்வொண்ணாக் காதைப் புடிச்சு, இது உனக்கு, இது எங்களுக்கு, இது உனக்கு, இது எங்களுக்கு. சரிபாதி. ஒண்ணு கூட விட்டுக் குடுக்கலைங்க்கா.

அத்தையே, "டேய், புள்ளை படிக்கறதுக்குக் கேக்குதுடா, எல்லாத்தையும் குடுத்துத் தொலை"ன்னாங்க. அதுக்கு இவன் சொல்றான், "எல்லாத்தையும் குடுத்தா அது சீராயிரும், பாதி குடுத்தாத்தான் வாரம். அவ வாரம்னு சொல்லிட்டா." எவ்வளவு கல்நெஞ்சு பாருங்க. மாப்பிள்ளைன்னு உக்கார வெச்ச எடத்துல, பொண்ணுகிட்டப் பங்கு கேட்டவன் இவன் ஒருத்தனாத்தான் இருப்பான். ரெண்டு வருசம் ஒருத்தி தினம் போன்ல பேசியிருக்காளே, போனாப் போகுதுன்னு ஒரு குட்டி எச்சாத் தரலாமில்ல? ஓவர்டைமைக்கூட அவன் பக்கம் எடுத்துக்கிட்டான்.

காலையில டெம்போ எடுத்துட்டு அவந்தான் சந்தைக்கு வந்தான். சந்தையில எங்கூரு வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க, தரகர் கை மேல துண்டைப் போட்டு, உள்ள விரலைப் புடிச்சுத்தான் வெலை பேசுவாங்க. பொம்பளைப் புள்ளைக கையை நீட்ட மாட்டாங்க. தரகர் அவன் பக்கம்தான் துண்டை நீட்டினாரு. இவன் கையப் பின்னாடி கட்டிட்டு, "ஆடு அவங்களுது, அவங்ககிட்டப் பேசுங்க"ன்னுட்டான். எனக்கு மானம் போச்சு. விரல் கணக்கு எனக்கெங்க தெரியும்? துண்டைத் தூக்கித் தோள்ல போட்டுட்டு வாயிலயே பேசுங்கன்னேன். சந்தையே திரும்பிப் பாத்துச்சு. பேசினேன் பாருங்க, அப்படிப் பேசினேன். ஒரு ஆட்டைக்கூட அவரு சொன்ன வெலைக்கு விடலை. திரும்பிப் பாத்தா லோகு டீக்கடையில நின்னு சிரிச்சுட்டிருக்கான். எனக்கு ஒண்ணும் ஒத்தாசை பண்ணாம சிரிப்பு வேற.

பணம் மொதத் தவணைக்குச் சரியா வந்துருச்சு. மீதிய டபுள் சிப்ட் பாத்துக் கட்டிக்குவேன், அது எனக்குப் பெருசில்லை. கோவம் என்னன்னா அந்தப் பாதிதான். எல்லாரும் சீருன்னாங்க. இவன் ஒருத்தன் மட்டும் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கிட்டான். அதுல எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருதுன்னு எனக்கே தெரியலைங்க்கா.

சந்தை முடிஞ்சு மூலனூர்ல இந்தப் பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தப்ப அத்தை வந்தாங்க. நடந்தே வந்திருக்காங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். பக்கத்துல நின்னு மூச்சு வாங்கிட்டு, "பீஸுக்கு எட்டுச்சா"ன்னு கேட்டாங்க. எட்டுச்சுன்னேன். "எத்தனை நாள் படிப்பு?" ஒரு வருசம்னேன். "முடிச்சா என்ன ஆவே?" மாஸ்டர்னேன். சேர்ல உக்காருவேன், மொதலாளி டீ சொல்லுவாருன்னு எல்லாத்தையும் சொன்னேன். தலைய ஆட்டிக் கேட்டுட்டிருந்தவங்க, என்ற கையப் புடிச்சாங்க. "அப்ப என்ற பையனை உனக்குப் புடிக்குமா கண்ணு"ன்னு கேட்டாங்க.

நேத்து அவ்வளவு பேரு முன்னால கத்தினவ நான். காலையில தரகரையே வாயடைக்க வெச்சவ. இதுக்கு மட்டும் என்னமோ சொல்லோணுமேன்னு, "அந்தப் பாதி ஆடு உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை, நான் கேக்க மாட்டேன்"னேன். "ஆட்டை ஆரு கண்ணு கேட்டா"ன்னு சொல்லி கைய விட்டுட்டாங்க. அந்நேரம் பஸ்ஸும் வந்துருச்சு.

ஏறி ஜன்னல்ல பாக்கறேன், அத்தை முந்தானையால மூஞ்சியத் தொடச்சுட்டுத் திரும்பி நடக்கறாங்க. எனக்கு அழுகையா வந்துருச்சு. பஸ் வேற நவுருது. அப்பத்தான் கத்தினேன், "அத்தை, ஒரு வருசத்துக்கு லோகுக்கு வேற எடத்துல பொண்ணு பாத்துராதீங்க"ன்னு.

ஆமாங்க்கா, அந்தச் சத்தம் நாந்தான். நீங்க அப்பவே இந்தச் சீட்டுல உக்காந்திருந்தீங்கல்ல, நானும் பாத்தேன். கண்டக்டர்கூட விசிலை வாயில வெச்சுட்டு ஊதாம நின்னுட்டாரு. அத்தை திரும்பிப் பாத்தாங்களா? எனக்குக் கண்ணுல தண்ணி, ஒண்ணும் தெரியலை. நீங்க பாத்தீங்களா? நீங்களாச்சும் சொல்லுங்க்கா. அத்தை திரும்பிப் பாத்தாங்களா?